காது என்றால் இல்லை

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா ஏறும் மலைச்சாலையில்
பேருந்து நின்றுவிட்டது.
ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிக் கண்டக்டர் போன
நாற்பது நிமிடத்தில்
நான் பாறைமேல் ஏறினேன்.
வேறு காரணம் இல்லை.
கட்டுரையில் இதை
"முறையான களப்பணியின்போது" என்று எழுதியிருக்கிறோம்.

முழங்கால் உயரம்.
அடித்தண்டு கட்டை, நுனியெல்லாம் பட்டு மயிர்.
சிற்றிலைகள் ஒற்றைப்படையில்: பதினொன்று, பதிமூன்று.
ஒரு காம்பில் மட்டும் எட்டு;
மிச்சம் ஆட்டின் வாயில்.
ஒன்றை நுனி பிடித்து இழுத்தேன்.
அம்புமுனை போலக் கிழிந்தது.
சரி, கொழிஞ்சிச் சாதிதான்,
நடவுக்கு முன்னால் சேற்றில் மிதிப்பார்களே, அது.
ஆனால் கொழிஞ்சி ஊதாவாகப் பூக்கும்.
இது மழையில் நனைந்த செங்கல்.

ஆடுகளுக்குப் பின்னால் கங்குலம்மா வந்தாள்.
"வெம்பலியா?" என்றேன்,
என்னிடமிருந்த பத்துத் தெலுங்குச் சொற்களில் ஒன்றைச் செலவழித்து.
அவள் குச்சியால் செடியைத் தொட்டு
"காது" என்றாள்.
நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன்.
சிரித்து முடித்துத் தமிழுக்கு வந்தாள்:
"இல்லைன்னேன்மா. வெம்பலிக்கு நாத்தனார்.
வெம்பலிய ஆடு மோந்துட்டுப் போயிடும்,
இதக் கண்டா நிக்காது."

அந்தப் பாறையின் நடுவில் எல்லைக்கல்.
சுண்ணாம்பு உதிர்ந்து இரண்டு மாநிலமும் ஒரே நிறம்.
எண்ணினோம், மொத்தம் முப்பத்தொரு செடி,
ஒன்று கல்லுக்கு நேர் அடியில்.
இரண்டு வன அலுவலகங்களுக்கும் எழுதினேன்.
பட்டியலில் இல்லாத செடிக்கு அனுமதி கேட்டதற்கு
பட்டியலில் எத்தனையாவது எண் என்று
ஓர் அலுவலகம் கேட்டது.
மற்றது இன்னும் பதில் போடவில்லை.

வாணியம்பாடியில், ஆய்வகத்தில்,
ஊறவைத்த ஒரு பூவை முபஷ்ஷிரா ஊசியால் பிரித்தாள்.
மேலே கொடியிதழ், பக்கத்துக்கு ஒரு சிறகு,
கீழே இரண்டு இதழ் ஒட்டிய படகு.
உள்ளே பத்து மகரந்தத் தாள்கள்:
ஒன்பது ஒன்றாகச் சேர்ந்து குழலாகி,
பத்தாவது தனியே,
துறைக் கூட்டத்தில் நான் உட்காரும் இடம்போல.
இதெல்லாம் கொழிஞ்சிக்கும் உண்டு.
அப்பாண்டைராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்தால் விடை வரும் என்பதுபோல.

மூன்றாம் நாள் மாலை
கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்
முபஷ்ஷிரா கூப்பிட்டாள்:
"மேடம், சிறகின் அடியில் பாருங்க."
ஒரு மடல்.
அரை மில்லிமீட்டர். உள்நோக்கி வளைந்து,
விளிம்பில் ஐந்தாறு மயிர்.
நாற்பது பூக்களில் நாற்பதிலும் இருந்தது.
கொழிஞ்சியில் ஒன்றிலும் இல்லை.
எங்கள் துறையில் அதன் பெயரே காதுதான்.

யாரிடமும் சொல்லாமல் சிறிது நேரம்
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

காதுடையது என்று லத்தீனில் வைக்கப் பார்த்தோம்;
எங்கோ ஓர் ஆப்பிரிக்கக் கொழிஞ்சி முந்திக்கொண்டிருந்தது.
பிறகு நெகன்ஸ் என்று வைத்தேன்.
மறுப்பது.
"எதை மறுக்கிறது?" என்றார் சார்.
எந்தப் புதுச் செடிக்கும் முதல் பத்தி
அதுவல்ல, இதுவல்ல என்றுதானே சார், என்றேன்.
கங்குலம்மாவைச் சொல்லவில்லை.
நன்றிப் பகுதியில் சொல்லியிருக்கிறேன்,
நிதி தந்தவர்களுக்கு அடுத்தபடியாக.

வகைமாதிரி இப்போது அட்டையில் தைக்கப்பட்டிருக்கிறது.
அழுத்தி உலர்த்திய தெலுங்குச் செய்தித்தாளின்
"மணமகன் தேவை"யில் பாதி
ஓர் இலையின் முதுகில் பதிந்துவிட்டது.
செங்கல் நிறம் போய்ப் பழுப்பாகிவிட்டது.
"பூ, உயிருடன் இருக்கையில்" என்று தொடங்கி
லேபிளில் நிறத்தை எழுதினேன்.
மூன்று முறை அடித்து எழுதினேன்.

கட்டுரை வந்த வாரம் பாறைக்குப் போனோம்.
கங்குலம்மா பெயரைக் கேட்டாள். சொன்னேன்.
ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு
வெற்றிலையை மறுகன்னத்துக்கு மாற்றினாள்.
அவள் பின்னால் ஒரு வெள்ளாட்டுக்குட்டி
எல்லைக்கல்லில் முன்கால் வைத்து
உலகின் முப்பத்தொன்றில் ஒன்றை
நிதானமாக, காய் வரைக்கும்,
மென்றுகொண்டிருந்தது.
விரட்ட எனக்குத் தெலுங்கில் சொல் தெரியவில்லை.
தமிழிலும் அந்த நேரம் வரவில்லை.